ஒரே குழிக்குள் இரண்டு லைன்: 14 கிளைகளை இணைத்துப் பார்த்த 18 வருட அனுபவம்

சேலத்தில் தலைமை அலுவலகம், வெளியே 14 கிளைகள். எங்களுடையது பார்சல் லாரி நிறுவனம். மாதவரம், கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், திருச்சி, மதுரை, சிவகாசி, திருநெல்வேலி, பட்டுக்கோட்டை, ஓசூர், பொள்ளாச்சி, ஊட்டி, வால்பாறை. 2007-இல் நான் கம்ப்யூட்டர் ஆளாக உள்ளே நுழைந்தபோது, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒவ்வொரு கிளையும் டயல்-அப் மோடத்தில் கூப்பிட்டு அன்றைய எல்ஆர் (லாரி ரசீது) பட்டியலை அனுப்பும். பதினொன்றரைக்குள் எல்லாம் வந்துவிட்டால் அது நல்ல நாள். வராத கிளையின் பட்டியல் மறுநாள் லாரி டிரைவர் கையில் சிடியாக வரும். சொன்னால் சிரிப்பு வருகிறது, ஆனால் அந்த சிடி ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

அதற்குப் பிறகு லீஸ்டு லைன், விசாட், எம்பிஎல்எஸ், ஃபைபர் பிராட்பேண்ட், 4ஜி, எஸ்டி-வான் என்று சந்தையில் வந்த எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கிப் பார்த்தாயிற்று. நான் இந்தத் துறையில் விற்கிற பக்கத்தில் இருந்ததே இல்லை, வாங்குகிற பக்கம் மட்டும்தான். ஒன்றை வாங்கி மூன்று வருடமாவது மாரடித்த பிறகு தெரிந்ததை எழுதுகிறேன். கம்பெனிப் பெயர்கள் வேண்டாம். எல்லோரிடமும் நல்ல ஆட்களும் இருந்தார்கள், போனை எடுக்காத ஆட்களும் இருந்தார்கள்.

2008-இல் முதலில் போட்டது லீஸ்டு லைன், அதாவது இரண்டு ஊருக்கு நடுவில் நமக்கு மட்டும் என்று வாடகைக்கு எடுக்கும் தனி லைன். சேலம்-சென்னை, சேலம்-கோவை, சேலம்-மதுரை என்று மூன்று, ஒவ்வொன்றும் 64 கேபிபிஎஸ். இன்றைய பிள்ளைகளுக்கு இந்த எண் புரியாது. விநாடிக்கு 8 கிலோபைட். ஒரு எம்பி ஃபைல் போக இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்கே ராக்கில் ஒரு மோடம், 34 பின் கொண்ட கட்டைவிரல் தடிமன் வி.35 கேபிள், பக்கத்தில் ரவுட்டர். வாடகை தூரத்தை வைத்துக் கணக்கிட்ட காலம் அது. அதனால் திருநெல்வேலிக்கு நேராக லைன் கேட்டபோது முதலாளி கொட்டேஷனைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்தக் காசுக்கு தினமும் ஒரு ஆளை பஸ்ஸில் அனுப்பிடலாமே" என்றார். திருநெல்வேலியை மதுரையோடு இணைத்தோம். சிவகாசியையும் மதுரையோடு. திருப்பூரும் பொள்ளாச்சியும் கோவையோடு.

எங்களுக்குத் தெரியாமலே நடு மையம், அதற்குக் கீழே சின்ன மையங்கள் என்று ஒரு மரம் போல வளர்ந்துவிட்டது. புத்தகத்தில் இதை ஹப்-அண்ட்-ஸ்போக் என்பார்கள். வண்டிச் சக்கரம் மாதிரி, நடுவில் குடம், சுற்றிலும் ஆரக்கால். எங்கள் தொழிலே அப்படித்தான் ஓடுகிறது. சிவகாசியில் ஏற்றிய பெட்டி மதுரை குடோனில் இறங்கி, பிரித்து, வேறு வண்டியில் ஏறும். லைனும் சரக்கு போகும் வழியிலேயே போனது. செலவு குறைவு, குறை கண்டுபிடிப்பதும் எளிது. ஆனால் மதுரையில் கரண்ட் போய் யூபிஎஸ் இறங்கினால் திருநெல்வேலி, சிவகாசி இரண்டும் சேர்ந்து இருட்டாகும். மூன்று கிளைக்கும் மதுரை மேனேஜர்தான் பதில் சொல்லியாக வேண்டும். அவர் அதற்கென்று சம்பளம் வாங்கவில்லை.

லைன் போனால் மாற்று வேண்டும் என்று ஐஎஸ்டிஎன் வைத்தோம். அது டெலிபோன் மாதிரி, கூப்பிட்டால் 128 கேபிபிஎஸ் கிடைக்கும், பேசும் நேரத்துக்குக் காசு. முக்கிய லைன் விழுந்தால் ரவுட்டரே தானாக டயல் செய்யும்படி அமைத்திருந்தேன். ஒரு மாதம் மதுரை பில் வந்தது. கணக்குப் பிள்ளை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். முக்கிய லைன் அந்த மாதம் முழுக்க நன்றாகவே இருந்தது, ஐஎஸ்டிஎன் லைனும் அந்த மாதம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. காரணம் என் கைவேலை. ஓஎஸ்பிஎஃப் என்ற ரவுட்டிங் முறை 10 விநாடிக்கு ஒருமுறை எதிர்முனையிடம் "இருக்கிறாயா" என்று கேட்கும். அந்தக் கேள்வியும் ஒரு வேலைதான் என்று நினைத்து ரவுட்டர் டயல் செய்துவிட்டு, லைனை வைக்கவே இல்லை. அந்தக் கேள்வியை விலக்கி ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. முதலாளி திட்டவில்லை, ஆனால் அடுத்த ஒரு வருடம் நான் எந்தக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டாலும் "இது தானா பேசாதுங்களே?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பார்.

வால்பாறை தனிக்கதை. பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வரும் ஊர். அன்றைக்கு அங்கே லீஸ்டு லைன் கொடுக்க ஆளில்லை. செயற்கைக்கோள் வழியாகப் பேசும் விசாட் டிஷ் வைத்தோம், பிறகு ஊட்டிக்கும் அதுவே. தேயிலைத் தூள் மூட்டை எண்ணுகிற இடத்தில் வானத்தோடு பேசும் தட்டு நிற்பதைப் பார்க்க முதல் வாரம் ஊரே வந்து போனது.

அந்தச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. வால்பாறையிலிருந்து ஒரு கேள்வி மேலே போய், கீழே இறங்கி, பதில் மீண்டும் மேலே போய் இறங்க வேண்டும். ஒளியின் வேகத்திலேயே கணக்குப் போட்டாலும் அரை விநாடி ஆகிவிடும். எங்களுக்கு பிங், அதாவது ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்பும் நேரம், 600 மில்லி விநாடிக்கு மேல் நின்றது. சரி, அரை விநாடிதானே என்று நினைத்தேன். எங்கள் புக்கிங் சாஃப்ட்வேர், ஒரு எல்ஆர் போட சர்வரிடம் 40 தடவை போய்வரும்: வாடிக்கையாளர் பெயருக்கு ஒருமுறை, ஊர் கோடுக்கு ஒருமுறை, கட்டணத்துக்கு ஒருமுறை என்று. சேலத்துக்குள் ஓடும்போது யாருக்கும் அது தெரியாது. 40 தடவை ஒவ்வொன்றும் 0.6 விநாடி என்றால் 24 விநாடி. டிஷ் வைத்தவர் என்னிடம் ஸ்பீடு டெஸ்ட் காட்டி, "சொன்ன ஸ்பீடு வருதே சார்" என்றார். வந்ததுதான். அகலம் சரியாக இருந்தது, நீளம்தான் பிரச்சினை. அன்றைக்குப் பிறகு எந்த லைன் விற்பவர் வந்தாலும் எத்தனை எம்பிபிஎஸ் என்று நான் முதலில் கேட்பதில்லை. பிங் எவ்வளவு, பாக்கெட் (லைனில் போகும் டேட்டாத் துண்டு) எத்தனை தொலைகிறது, இரண்டையும் கேட்டுவிட்டு அப்புறம்தான் அகலத்துக்கு வருவேன்.

சாஃப்ட்வேரையே சேலம் சர்வரில் ஓட்டி, வால்பாறைக்குத் திரையை மட்டும் அனுப்பிப் பார்த்தோம். புக்கிங் கிளார்க் ஒரு எழுத்தைத் தட்டினால் அரை விநாடி கழித்து அது திரையில் வரும். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். திரையைப் பார்க்காமல், கீபோர்டை மட்டும் பார்த்து முழு முகவரியையும் அடித்துவிட்டுத் தலைநிமிர்வார். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். தப்பு இருந்தால் மறுபடி. அப்படியே ஆறு வருடம் வேலை பார்த்தார்.

ஜூன், ஜூலையில் வால்பாறையில் மழை பிடித்தால் டிஷ்ஷின் கேயூ பேண்ட் அலைவரிசை சிக்னல் மழைத்துளியிலேயே கரைந்துபோகும். அது எதிர்பார்த்தது. எதிர்பார்க்காதது, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், பளிச்சென்ற வெயிலில், நண்பகலையொட்டிச் சில நிமிடம் லைன் போவது. முதல் வருடம் கேபிளை எல்லாம் மாற்றினேன். பிறகுதான் தெரிந்தது, அந்த நாட்களில் சூரியன், செயற்கைக்கோள், நம் டிஷ் மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிடும், சூரியனின் இரைச்சலில் செயற்கைக்கோளின் குரல் கேட்காது. வால்பாறைக் கிளார்க் அதைச் சாப்பாட்டு நேரமாக மாற்றிக்கொண்டார்.

விசாட்டிலும் அமைப்பு ஒரு நட்சத்திரம்தான். எல்லாக் கிளையும் சேவை நிறுவனத்தின் பெரிய டிஷ்ஷோடு மட்டும் பேசும். வால்பாறையும் ஊட்டியும் தங்களுக்குள் பேச வேண்டுமென்றால் மேலே, கீழே, மறுபடி மேலே, கீழே. ஐபி போன் வைத்துக் கொடுத்தேன். ஒருவர் "ஹலோ" சொல்லி, கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி "ஹலோ" சொல்லும்போது, முதல் ஹலோவுக்கான பதில் வந்து அதன்மேல் விழும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, கடைசியில் செல்போனில் பேசிக்கொண்டார்கள். இரண்டு போனையும் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

2011-இல் எம்பிஎல்எஸ்-க்கு மாறினோம். அதைப் பற்றி இப்போது எல்லோரும் பழைய சரக்கு என்று பேசுகிறார்கள். எனக்கு அது வந்த நாள் தீபாவளி. எங்களிடம் 15 இடம். எல்லா இடத்தையும் எல்லா இடத்தோடும் நேராக இணைக்க வேண்டுமென்றால் 15-ஐ 14-ஆல் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். 105 லைன். அதைக் கனவில்கூட வாங்க முடியாது. எம்பிஎல்எஸ்-இல் ஒவ்வொரு கிளைக்கும் ஒரே ஒரு லைன், சேவை நிறுவனத்தின் அருகிலுள்ள நிலையம் வரை. உள்ளே போன பாக்கெட்டின் தலையில் அவர்கள் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். நடுவில் இருக்கும் கருவிகள் முகவரியைப் படிக்காது, சீட்டை மட்டும் பார்த்துத் தள்ளிவிடும். எங்கள் குடோனில் பெட்டி மேல் சிவப்புச் சாக்பீஸில் "மது" என்று எழுதினால் லோடுமேன் விலாசத்தைப் படிக்காமல் மதுரை வண்டியில் போடுகிறார் அல்லவா, அதேதான். திருநெல்வேலிக்காரர் சிவகாசிக் கணக்கைப் பார்க்க இனி மதுரையில் ஏறி இறங்க வேண்டாம். லைன் போனாலும் கூப்பிட ஒரே நம்பர், ஒரே டாக்கெட் (புகார் எண்).

குரலுக்கு முன்னுரிமை, புக்கிங்குக்கு அடுத்தது, மெயில் கடைசி என்று வரிசை வைத்தால் அது முனையிலிருந்து முனைவரை மதிக்கப்பட்டது. இன்றைக்கும் எம்பிஎல்எஸ்-இல் எனக்கு ஏக்கம் தருவது இது ஒன்றுதான். பொது இணையத்தில் நீங்கள் என்ன முத்திரை குத்தி அனுப்பினாலும் வாசலைத் தாண்டியதும் அழித்துவிடுவார்கள்.

ஆனால் கடைசி மைல் என்று ஒன்று இருக்கிறது. சேவை நிறுவனத்தின் நிலையம்வரை பொன்னாகப் போகும் லைன், அங்கிருந்து உங்கள் கடை வரை எப்படி வருகிறது என்பதில்தான் எல்லாம். ஒப்பந்தத்தில் அதற்கு ஒரே ஒரு வரி. சிவகாசியில் ஃபைபர் இல்லை என்று மொட்டை மாடியில் ஆண்டெனா வைத்து ரேடியோவில் கொடுத்தார்கள். இரண்டு வருடம் குறையே இல்லை. மூன்றாம் வருடம் ஆவணியில் காலையில் நன்றாக இருக்கும், பத்து மணிக்கு மேல் தொங்கும், சாயங்காலம் சரியாகும். சிவகாசிக்கு அது உயிர்போகும் மாதம், வடஇந்தியாவுக்குப் பட்டாசு கிளம்பும் நேரம். மூன்று தடவை இன்ஜினியர் வந்து கருவியை மாற்றினார். நான்காவது தடவை நானே போய் மாடியில் நின்றேன். நடுவில் ஒரு கல்யாண மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. பகலில் சித்தாள்களும் கான்கிரீட் லிஃப்டும் சரியாக எங்கள் பாதையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். கிளை மேனேஜர் சொன்னார்: "தம்பி, மண்டபம் முடிஞ்சா எனக்கு மொத்தமா முடிஞ்சிரும்." கம்பத்தை இன்னும் உயர்த்தி அந்த சீசனை ஓட்டினோம். அதே வருடம் ஃபைபருக்குப் பணம் கட்டினேன்.

எஸ்எல்ஏ, அதாவது லைன் இத்தனை சதவீத நேரம் ஓடும் என்று கம்பெனி எழுதித் தரும் உத்தரவாதம், அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 99.5 சதவீதம் என்றால் காதுக்கு இனிமை. மாதம் 720 மணி நேரம் என்று வைத்தால் அரை சதவீதம் 3.6 மணி நேரம். அது ஐப்பசி மாதம் மாலை ஐந்து மணிக்கு, 12 வண்டி லோடு ஏற்றி நிற்கும்போது வந்தாலும் எஸ்எல்ஏ மீறப்படவில்லை. மீறினாலும் வாடகையில் சில நாள் கழிவு, அவ்வளவுதான். வண்டி நின்ற நஷ்டம் நம்முடையது. எஸ்எல்ஏ-வை வைத்து லைன் தேர்வு செய்வதை நான் விட்டுவிட்டேன். அந்த ஊரில் அறுந்த ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஆள் இருக்கிறாரா, எத்தனை மணி நேரத்தில் வருவார் என்று கேட்பேன். கரூரில் இருக்கிறார், 40 நிமிடத்தில் பைக்கில் வருவார். அதனால் கரூரில் நான் லைனை மாற்றவே இல்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 2014-இல், தலைமை அலுவலகம் விழுந்தால் எல்லாம் விழும் என்று இரண்டாவது நிறுவனத்திடம் இன்னொரு எம்பிஎல்எஸ் லைன் வாங்கினோம். இரண்டு ரவுட்டர், இரண்டு யூபிஎஸ், தாளில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்து அலுவலகத்துக்கு முன்னால் மழைநீர் வடிகால் தோண்ட ஜேசிபி வந்தது. பதினொன்றே கால் மணிக்கு இரண்டு ரவுட்டரிலும் ஒரே நொடியில் சிவப்பு விளக்கு. வெளியே ஓடிப் பார்த்தால் ஜேசிபியின் பல்லில் கறுப்பு வயர்கள் இடியாப்பம் மாதிரி தொங்குகின்றன. ஒன்று எங்கள் முதல் நிறுவனம். இன்னொன்று இரண்டாவது நிறுவனம். பிறகு விசாரித்ததில் இரண்டாவது நிறுவனம் எங்கள் தெருவில் குழியே தோண்டவில்லை, இருக்கிற குழாயில் இடம் வாடகைக்கு எடுத்திருக்கிறது. முதலாளி வெளியே வந்து அந்தக் கொத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ரெண்டு பேருக்குக் காசு கட்டறோம்ங்க. ரெண்டு பேரும் ஒரே குழியிலயா குடியிருந்தாங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வரைபடத்தில் நான் இரண்டு கோடு போட்டிருந்தேன். மண்ணுக்குள் ஒரே கோடுதான் இருந்தது. அந்த வாரம் முழுக்க நான் கம்ப்யூட்டரைத் தொடவில்லை, தெருவில் நடந்தேன். எந்தக் கம்பத்திலிருந்து எந்த வயர் இறங்குகிறது, எந்த மேன்ஹோல் யாருடையது, ஜாயிண்ட் பெட்டி எங்கே என்று ஒரு நோட்டில் கையால் வரைந்தேன். எங்கள் குடோன் மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஊருக்கு மறுபக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. இரண்டாவது லைனை அலுவலகத்திலிருந்து எடுத்து குடோனுக்கு மாற்றினேன். குடோனுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் சொந்தமாக ஒரு ரேடியோ இணைப்பு. அலுவலகத்தில் ஒரு லைன், குடோனில் ஒரு லைன், இரண்டையும் சேர்க்கும் ரேடியோ. ஒரு சின்ன முக்கோணம். எது அறுந்தாலும் மற்ற இரண்டு வழியாகச் சுற்றிவரும். இத்தனை வருடத்தில் நான் செய்த செலவுகளிலேயே மலிவானதும் பிரயோஜனமானதும் அந்த ஜோடி ரேடியோதான். அதன் பிறகு அலுவலகத் தெருவை யார் யாரோ தோண்டியிருக்கிறார்கள். கிளைகளுக்கு அது தெரிந்ததே இல்லை.

2016 செப்டம்பருக்குப் பிறகு 4ஜி டேட்டா தண்ணீர் விலைக்கு வந்தது, ஊர் ஊராக ஃபைபர் பிராட்பேண்டும் வந்தது. முதலாளி வீட்டில் நூறு எம்பிபிஎஸ், ஆபீஸில் இரண்டு எம்பிபிஎஸ் எம்பிஎல்எஸ், ஆபீஸ் பில் பல மடங்கு. இந்தக் கேள்வி எப்போது வரும் என்று காத்திருந்தேன், வந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில், அதாவது வண்டி கிளம்பும் முன் இணையத்தில் போட வேண்டிய சரக்குச் சீட்டு. எங்கள் லைன் வாழ்க்கையை முன், பின் என்று பிரித்தது அதுதான். அதுவரை லைன் போனால் கையால் எழுதி வண்டியை அனுப்பிவிட்டு இரவில் ஏற்றிக்கொள்ளலாம். இப்போது இ-வே பில்லின் பார்ட்-பி பகுதியில் வண்டி எண் ஏறாமல் வண்டி கேட்டைத் தாண்டாது.

ஒவ்வொரு கிளையிலும் ஒரு ஃபைபர் பிராட்பேண்ட், ஒரு 4ஜி. இரண்டின் மேலும் சேலத்துக்கு ஐபிசெக் சுரங்கம், அதாவது பொது இணையத்துக்குள்ளேயே பூட்டுப் போட்ட தனி வழி. அமைப்பு மறுபடி சக்கரம்தான், குடம் சேலத்தில். முதல் சிக்கல் 4ஜி சிம்முக்குச் சொந்தமாக ஐபி முகவரி கிடையாது. 100.64 என்று ஆரம்பிக்கும் ஒன்றைத் தருவார்கள், அதன் பின்னால் ஆயிரக்கணக்கான பேர் ஒரே வாசலில் வெளியே போகிறார்கள். உள்ளிருந்து கதவைத் திறக்கலாம், வெளியிலிருந்து தட்ட முடியாது. கிளைதான் சேலத்தைக் கூப்பிட வேண்டும் என்று மாற்றி அமைத்ததும் சரியானது.

இரண்டாவது சிக்கல் என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. ஓசூரில் பிங் போகிறது. லாகின் வருகிறது. எல்ஆர் எண்ணைத் தேடினால் வருகிறது. பிரிண்ட் கொடுத்தால் மட்டும் நின்றுவிடும். பிரிண்டரை மாற்றினோம். கம்ப்யூட்டரை மாற்றினோம். சின்ன எல்ஆர் பிரிண்ட் ஆகிறது, பத்து அயிட்டம் உள்ள எல்ஆர் ஆகவில்லை என்று கவனித்துச் சொன்னவர் ஓசூர் கிளார்க் அம்மாதான். அங்கே பிடி கிடைத்தது. பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையோடு 1472 பைட்டில் பிங் அடித்தேன், போகவில்லை. 1372, போனது. பெரிய பாக்கெட் 1500 பைட். பிராட்பேண்டின் லாகின் முறையான பிபிபிஓஇ அதில் 8 தின்கிறது, ஐபிசெக் தன் பங்குக்கு அதைவிடப் பல மடங்கு தின்கிறது. பெட்டி பெரிது, வாசல் சிறிது. நடுவில் ஒருவன் "பெரிதாக இருக்கிறது" என்று திருப்பிச் சொல்ல வேண்டும், அந்தச் செய்தியை வழியில் யாரோ ஃபயர்வாலில் தடுத்துவிட்டார்கள். ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ்-ஐ, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்றலாம் என்ற டேட்டா அளவை, 1350 என்று குறைத்தேன். ஒரே வரி. அன்று மாலை அந்த அம்மா பத்து அயிட்டம் எல்ஆரைப் பிரிண்ட் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார். பிராட்பேண்டில் சுரங்கம் போடுகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது. பட்டுக்கோட்டையில் எங்களுக்கு ஃபைபர், இரண்டு வேறு நிறுவன 4ஜி, ஆக மூன்று வழி. ஃபைபர் கம்பத்தின் மேல் வந்தது, கம்பங்களே தென்னையோடு சேர்ந்து படுத்துவிட்டன. செல் டவர்கள் டீசல் உள்ளவரை நின்றன. நான் பாதையைப் பற்றி அவ்வளவு யோசித்தவன், மூன்று பாதைக்கும் ஒரே சாப்பாடு கரண்ட் என்பதை யோசிக்கவில்லை. கரண்ட் வர நாட்கள் ஆயின. கிளை மேனேஜர் தினமும் சிக்னல் கிடைக்கும் இடம்வரை பைக்கில் போய் சேலத்துக்குப் போன் செய்து எல்ஆர் விவரத்தை வாசிப்பார், இங்கே ஒரு பெண் இ-வே பில் போட்டு எண்ணைத் திருப்பி வாசிப்பாள். ஊருக்கு வந்த நிவாரணச் சரக்கு அந்தக் கையெழுத்து எல்ஆரில்தான் இறங்கியது.

2021-இல் எஸ்டி-வான், அதாவது கிளையில் உள்ள பல லைன்களில் எதில் எதை அனுப்புவது என்று சாஃப்ட்வேரே முடிவு செய்யும் பெட்டி. கொரோனா சமயத்தில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்த்ததும், புக்கிங் சர்வரை மும்பையில் உள்ள கிளவுடுக்கு மாற்றியதும் காரணம். சர்வரே சேலத்தில் இல்லாதபோது ஓசூர் பாக்கெட் எதற்குச் சேலம் வந்து மும்பை போக வேண்டும்? கிளையிலிருந்தே நேராக மும்பை, கணக்குப் பிரிவு வேலைக்கு மட்டும் சேலம், குரலுக்கு எது அந்த நொடியில் நன்றாக இருக்கிறதோ அது. குடமும் இப்போது இரண்டு: சேலம் ஒன்று, சென்னையில் வாடகைக்கு எடுத்த டேட்டா சென்டர் ஒன்று.

விற்க வந்தவர்கள் காட்டிய வண்ண வண்ணப் படங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாங்கிய பிறகு ஒரு விஷயத்துக்காக மட்டும் அதற்குக் கும்பிடு போட்டேன். லைன் முழுசாக அறுந்தால் எந்தப் பழைய ரவுட்டரும் கண்டுபிடித்துவிடும். அறுகாமல், நூறில் மூன்று நான்கு பாக்கெட் தொலைந்துகொண்டிருந்தால்தான் கொடுமை. "இருக்கிறாயா" என்ற கேள்வி அதில் தப்பிப் போய்விடும், ரவுட்டர் எல்லாம் நலம் என்று சொல்லும், கிளையில் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். மதுரையில் மாலை ஆறு மணிக்கு மேல் ஃபைபர் இப்படித்தான் நடந்துகொள்ளும். எஸ்டி-வான் பெட்டி ஒவ்வொரு வழியிலும் தாமதம், தடுமாற்றம், தொலையும் பாக்கெட் மூன்றையும் ஓயாமல் அளந்து, ஆறு மணிக்கு புக்கிங்கை 4ஜிக்குத் தள்ளிவிட்டு, சிசிடிவி காட்சியை ஃபைபரிலேயே விட்டுவைக்கிறது. கிளையிலிருந்து எனக்கு வரும் போன் பாதிக்கு மேல் குறைந்தது.

குறையும் சொல்ல வேண்டும். பெட்டியை வாங்கிவிட்டால் நம்முடையது என்று நினைக்காதீர்கள். சந்தா. ஒரு வருடம் புதுப்பிக்கும் பேப்பர் எங்கள் பக்கம் தாமதமானது. ஓடிக்கொண்டிருந்தது ஓடியது, ஆனால் ஒரு அமைப்பையும் மாற்ற முடியாமல் ஒன்பது நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம், எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்வதால், ஒரு பாக்கெட் ஏன் அந்த வழியில் போனது என்று பின்னால் தேடுவது கஷ்டம். பழைய ரவுட்டரில் கட்டளையைப் படித்தால் தெரியும். இங்கே அந்த நொடி அது என்ன அளந்தது என்று லாக்கில் துழாவ வேண்டும்.

2023 டிசம்பரில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு சோதனை வந்தது. முதலில் மிக்ஜாம், மாதவரம் கிளைக்கு முன்னால் தண்ணீர். டேட்டா சென்டர் அசையவில்லை. மாதவரத்தில் ஃபைபர் போய், 4ஜியில் தட்டுத் தடுமாறி ஓடியது. அடுத்து 17, 18 தேதிகளில் தெற்கே மழை, தாமிரபரணி திருநெல்வேலிக்குள்ளேயே வந்துவிட்டது. எங்கள் கிளையில் ரவுட்டரும் பெட்டியும் தரையிலிருந்து இரண்டடி உயர ஸ்டூலில் இருந்தன. 18-ஆம் தேதி காலை அந்தக் கிளை அண்ணாச்சி அனுப்பிய போட்டோவில் ஸ்டூல் தெரியவில்லை. அதற்குப் பிறகு 14 கிளையிலும் ராக்கைச் சுவரில் ஆறடி உயரத்தில் ஆணியடித்துவிட்டேன்.

ஆக இன்றைக்கு எங்களிடம் எம்பிஎல்எஸ் இருப்பது சேலத்துக்கும் சென்னை டேட்டா சென்டருக்கும் நடுவில் மட்டும். அதுவும் அடுத்த மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க வேண்டாம், அந்தக் காசில் குடோன் பக்கம் ஒரு இன்டர்நெட் லீஸ்டு லைன் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொட்டேஷன் தந்தவரிடம் ஒன்றுதான் கேட்டிருக்கிறேன்: எந்தத் தெருவில், எந்தக் கம்பத்தில், எந்தக் குழாய் வழியாக வருகிறது என்று அவர் என்னோடு ஒருநாள் நடந்து காட்ட வேண்டும். வருகிற சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதலாளியும் கூட வருகிறாராம்.

வால்பாறையில் இப்போது ஃபைபரும் 4ஜியும் இருக்கின்றன. மலைப்பாதையில் மண் சரிந்தால் ஃபைபர் போகும், 4ஜியில் ஓட்டுவோம். டிஷ் மட்டும் இன்னும் மொட்டை மாடியில் நிற்கிறது, கழற்றி இறக்கக் கூலி அதிகம் என்று விட்டுவிட்டோம். கிளார்க் இன்றைக்கும் திரையைப் பார்க்காமல்தான் டைப் அடிக்கிறார். போன மாதம் போயிருந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். எழுத்து உடனே வருகிறது சார், ஆனால் கை பழகிவிட்டது என்றார்.